மேலுக்குப் பூசும் எண்ணெய்: கடைக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. ஆகாய கங்கை அருவிக்கும், அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும், ஆடி மாதத்தில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் வரும் வெளியூர் மக்கள் சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் மிளகு, காப்பிக்கொட்டை, சாமை, அன்னாசி, மலை வாழைப்பழம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். மூலிகை மலை என்று பெயர் பெற்ற இடமாயிற்றே என்பதால், "மேலுக்குப் பூச நல்ல எண்ணெயா ஒண்ணு குடுங்கண்ணா" என்று கேட்போரும் உண்டு. மலைமேல் உள்ள கடைகளில் மட்டுமல்ல, சேந்தமங்கலம், பேளுக்குறிச்சி, இராசிபுரம், நாமக்கல், துறையூர் கடைகளிலும் இதே கேள்விதான்.

இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் சொல்லும் பதிலில் வாடிக்கையாளரின் தோல் மட்டுமல்ல, கடையின் நல்ல பெயரும் அடங்கியிருக்கிறது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் ஆகிய நான்கும் தலைமுறை தலைமுறையாக மளிகைக்கடைச் சரக்கு. ஆனால் ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எதற்கு உதவாது, எந்த லேபிளில் எதை எழுதலாம் என்பதில் நம்மில் பலருக்குத் தெளிவு போதாது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையின் பெயரும் எண்ணெயின் ஊரும்

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொல்லிமலையின் பேர்பெற்ற விளைபொருள் மிளகும் காப்பியும் பழங்களும் சிறுதானியங்களும். மேலுக்குப் பூசும் எண்ணெய்களுக்கான வித்துகளோ பெரும்பாலும் சமவெளிச் சரக்கு. கொப்பரைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் காங்கேயம் வட்டாரம் பெயர் பெற்றது. எள் ஏலத்துக்குத் திருச்செங்கோடு நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆமணக்கு சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளைகிறது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமான வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையமே உள்ளது. வேம்பும் புங்கனும் இலுப்பையும் அடிவார ஊர்களின் மரங்கள்.

ஆகவே ஒரு பாட்டிலில் மலையின் பெயர் பெரிதாக அச்சிட்டிருந்தால், அடியில் சிறிய எழுத்தில் உள்ள தயாரிப்பாளர் முகவரியையும் படித்துப் பார்த்த பிறகே அலமாரியில் வைக்க வேண்டும். சமவெளி எண்ணெய் மட்டமானது என்று இதற்குப் பொருளல்ல. நல்ல எண்ணெய் எந்த ஊர் எண்ணெயானாலும் நல்ல எண்ணெயே. ஊர்ப்பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுத்துக் கொள்முதல் செய்ய வேண்டியதில்லை என்பதே கருத்து.

இரண்டு வகை எண்ணெய்கள்

தாவர எண்ணெய்களில் இரண்டு இனம் உண்டு. வித்தையோ பருப்பையோ ஆட்டி எடுப்பது கொழுப்பெண்ணெய். தேங்காய், எள், ஆமணக்கு, வேம்பு, புங்கன், இலுப்பை எண்ணெய்கள் இவ்வினத்தவை. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கறை போகாது.

இலை, பூ, பட்டை ஆகியவற்றை நீராவியில் வாலை வடித்து எடுப்பது வாசனை எண்ணெய். நீலகிரித் தைலம், எலுமிச்சம்புல் எண்ணெய் ஆகியவை இவ்வினம். இவை காற்றில் ஆவியாகிவிடும். மிகவும் காரமானவை. கொழுப்பெண்ணெயில் சில சொட்டுகள் கலந்துதான் தோலில் பூச வேண்டும். அப்படியே பூசினால் எரிச்சலும் கொப்புளமும் வரலாம். இரண்டும் எண்ணெய்தானே என்று ஒரே அலமாரியில் ஒரே பேச்சில் விற்பது தவறு.

எண்ணெய் தோலுக்கு என்ன செய்கிறது?

எண்ணெய் தோலுக்கு உணவு என்று சொல்லி விற்பது வழக்கம். உண்மையில் அது பெரும்பாலும் காவல் வேலைதான் செய்கிறது. தோலின் மேலடுக்கில் உள்ள ஈரம் சதா ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. பனிக்காலத்தில் காற்றில் ஈரம் குறையும்போது அதிகம் போகிறது. அதனால்தான் மார்கழி, தை மாதங்களில் கை கால் வெள்ளை பூத்து, உதடும் குதிகாலும் வெடிக்கின்றன. மேலே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. ஆகவே குளித்துத் துவட்டிய உடனே, தோலில் சிறிது ஈரம் இருக்கும்போதே பூசுவது பலன் தரும். காய்ந்த தோலில் பூசினால் பாதிப் பலனே. வாடிக்கையாளருக்கு இந்த ஒரு வார்த்தை சொன்னால் போதும், எண்ணெய் நன்றாக இருக்கிறது என்று மறுபடியும் வருவார்.

எந்த எண்ணெய், எதற்கு?

தேங்காய் எண்ணெய்: இதிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். சில நுண்கிருமிகளை அடக்கும் தன்மை இதற்கு உண்டு. கரப்பான் போன்ற வறண்ட தோல் நோயுள்ள குழந்தைகளுக்குச் சுத்தத் தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெயைவிட நல்ல குணம் தந்ததாக 2014-ல் வெளியான பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வு கூறியது. ஆனால் முகப்பரு உள்ள இளைஞர்களின் முகத்துக்கு இது ஏற்றதல்ல. துவாரங்களை அடைத்துப் பருவை அதிகமாக்கக் கூடும்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே உறையும். நாமக்கல்லில் திரவமாக இருக்கும் அதே டின், கொல்லிமலையில் குளிர்கால இரவில் வெண்ணெய்போல் கட்டியாகிவிடும். "மெழுகு கலந்திருக்கிறது" என்று திருப்பிக்கொண்டு வருபவரிடம் இதை விளக்க வேண்டும். அதே சமயம், உறைந்தது என்பதற்காகவே கலப்படமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. உறையும் வேறு மலிவுக் கொழுப்புகளும் உண்டு.

நல்லெண்ணெய்: தீபாவளிக் குளியலுக்கும் சனிக்கிழமைக் குளியலுக்கும் இதுவே முதன்மை. எள்ளில் இயற்கையாகவே உள்ள சீசமால் முதலிய பொருட்கள் எண்ணெயைச் சீக்கிரம் கெடவிடாமல் காக்கின்றன. அதனால் மற்ற பல எண்ணெய்களைவிட அதிக நாள் நிற்கும். உடம்பு முழுவதும் தேய்த்துக் குளிக்க ஏற்றது. எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலர் உண்டு. அவர்கள் தவிர்க்க வேண்டும்.

விளக்கெண்ணெய்: இதன் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். வேறெந்தக் கடைச் சரக்கு எண்ணெயிலும் இது இந்த அளவுக்குக் கிடையாது. இதனாலேயே இது கெட்டியாக, தேன்போல் ஒழுகுகிறது. உலகில் ஆமணக்கு விளைச்சலில் இந்தியாவே முதலிடம், இந்தியாவில் குஜராத் முதலிடம். உதட்டுச் சாயங்களிலும் சோப்புகளிலும் பெருமளவு சேர்கிறது. வெடித்த உதடு, குதிகால், முழங்கை ஆகியவற்றுக்கு நல்லது. கெட்டியாக இருப்பதால் தேங்காய் எண்ணெயுடன் கலந்து பூசுவது வசதி. ஆமணக்குக் கொட்டையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது எண்ணெயில் கலக்காமல் பிண்ணாக்கில் தங்கிவிடும். ஆகவே கொட்டைமுத்தையும் அதன் பிண்ணாக்கையும் குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

வேப்பெண்ணெய்: கசப்பும் கடும் வாடையும் உள்ளது. தலைப்பேன், சிரங்கு முதலியவற்றுக்கு நெடுங்காலமாக வெளிப்பூச்சாகப் பயன்படுகிறது. தேங்காய் எண்ணெயில் சிறிதளவு கலந்து பூச வேண்டும்.

புங்கெண்ணெயும் இலுப்பெண்ணெயும்: முன்னது சித்த வைத்தியத்தில் தோல் நோய்களுக்கான வெளிப்பூச்சு. பின்னது பாதி உறைந்த பதத்தில் இருக்கும், பாத வெடிப்புக்குப் பூசுவார்கள். இரண்டும் இன்று அதிகம் விற்பது கோயில் விளக்குக்கும் சோப்புத் தொழிலுக்குமே.

சூரியகாந்தி எண்ணெய்: சமையலுக்கு மட்டும் என்று நாம் நினைக்கும் இந்த எண்ணெய்க்கும் ஒரு சிறப்பு உண்டு. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் குறைமாதக் குழந்தைகளின் உடம்பில் மருத்துவமனைக் கண்காணிப்பில் இதைப் பூசியதில், தொற்று நோய்கள் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2005-ல் ஆய்வு வெளியாயிற்று. மாறாக ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பு அடுக்கைத் தளர்த்துகிறது என்று 2013-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. விலை அதிகமான வெளிநாட்டு எண்ணெயே தோலுக்கு உயர்ந்தது என்ற எண்ணம் சரியல்ல.

பெயர் மயக்கம்

கடையில் தவறு நடப்பது பெரும்பாலும் பெயரால்தான். விளக்கெண்ணெய் என்பது ஆமணக்கு எண்ணெய். தீப எண்ணெய் என்று விற்பது பல மலிவு எண்ணெய்களின் கலவை, நிறமும் வாசனையும் சேர்ந்தது. அது விளக்குக்கு மட்டுமே. "விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்" என்று கேட்டு வாங்கிப்போய்க் குழந்தை வயிற்றில் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

அதுபோலவே பயிருக்குத் தெளிக்கும் வேப்பெண்ணெயில் தண்ணீரில் கரைவதற்கான மருந்துகள் சேர்ந்திருக்கும். அதைத் தோலில் பூசக் கூடாது. உரக்கடைச் சரக்கையும் மளிகைச் சரக்கையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் கிராமக் கடைகளில் இதைத் தனியே பிரித்து வைக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தானவை

இயற்கைப் பொருள் என்றால் தீங்கில்லை என்ற நம்பிக்கை தவறு. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு கண்டு, கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை 1980-களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் பதிவு செய்தனர். வேப்பெண்ணெய் வெளிப்பூச்சுக்கு மட்டுமே, குழந்தைக்குப் புகட்டக் கூடாது என்று விற்கும்போதே சொல்ல வேண்டும். நீலகிரித் தைலமும் கற்பூரம் சேர்ந்த எண்ணெய்களும் குழந்தை வாயில் போனால் வலிப்பு வரும். மூக்கருகே தடவுவதும் கூடாது.

கலப்படத்தின் விளைவுக்கு 1998-ஆம் ஆண்டு டில்லிச் சம்பவமே சாட்சி. கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் நீர்க்கோவை நோய் பரவி அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். அவ்வாண்டிலேயே மத்திய அரசு சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்தே விற்கும் உத்தரவைக் கொண்டுவந்தது. ஒரு சிலரின் பேராசைக்கு, அளந்து ஊற்றி விற்ற எல்லா வியாபாரிகளும் விலை கொடுத்தார்கள்.

கொள்முதலில் ஒரு கணக்கு

ஆய்வுக்கூடம் இல்லாத சிறு வியாபாரிக்குக் கைவசம் இருக்கும் சிறந்த சோதனை, விலைக் கணக்குதான். நல்ல கொப்பரை ஒரு கிலோவில் சுமார் 600 முதல் 650 கிராம் எண்ணெய் கிடைக்கும். அதாவது ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கொப்பரை வேண்டும். எள்ளில் செக்கில் ஆட்டினால் கிலோவுக்கு 400 முதல் 450 கிராம்தான். ஒரு கிலோ நல்லெண்ணெய்க்கு இரண்டேகால் கிலோவுக்குக் குறையாமல் எள் தேவை. அன்றைய ஏல விலையை இத்துடன் பெருக்கி, பிண்ணாக்கு விற்ற பணத்தைக் கழித்து, ஆட்டுக் கூலியைக் கூட்டிப் பாருங்கள். அதற்கும் கீழே ஒருவர் சுத்த எண்ணெய் தருவதாகச் சொன்னால், அவர் நஷ்டத்துக்கு விற்க வரவில்லை என்பது தெளிவு. அந்தச் சரக்கை வாங்காமல் விடுவதே லாபம்.

எடைக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 920 கிராம். 15 கிலோ டின்னில் ஏறத்தாழ 16.3 லிட்டர் இருக்கும். விளக்கெண்ணெய் கனமானது, லிட்டர் சுமார் 960 கிராம். அதே 15 கிலோவில் 15.6 லிட்டர்தான். இரண்டுக்கும் ஒரே கணக்குப் போட்டுச் சில்லறை விலை வைத்தால் விளக்கெண்ணெயில் கை கடிக்கும்.

லேபிளும் சட்டமும்

ஒரே தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா என்று பல ஆண்டுகள் ஒரு வழக்கு நடந்தது. சேலம் மத்திய கலால் ஆணையருக்கும் மதன் ஆக்ரோ இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது. சிறு பாட்டில்களில் அடைத்தால் அது கூந்தல் எண்ணெய் என்பது இலாகாவின் வாதம். 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புத் தந்தனர். பின்னர் 18-12-2024 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, பாட்டில் சிறியது என்பதற்காக மட்டும் அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது என்று முடிவு கட்டியது. சமையல் எண்ணெய் என்று விற்றால் சமையல் எண்ணெய், கூந்தல் எண்ணெய் என்று லேபிளில் போட்டு விற்றால் கூந்தல் எண்ணெய்.

ஜி.எஸ்.டி.யில் சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதமும் கூந்தல் எண்ணெய்க்கு 18 சதவீதமும் இருந்தது. 22-9-2025 முதல் கூந்தல் எண்ணெயும் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சருமப் பூச்சு கிரீம், லோஷன் முதலியவை 18 சதவீதத்திலேயே உள்ளன. ஆகவே "சருமப் பொலிவுக்கு" என்று ஒரு வரி சேர்த்தால் வரி விகிதமே மாறக்கூடும். பில் போடுமுன் ஆடிட்டரைக் கலந்துகொள்வது நலம்.

வரியைவிட முக்கியமானது உரிமம். அழகுப் பொருள் என்ற பெயரில் தயாரிக்க 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டத்தின்கீழ் தயாரிப்பு உரிமம் வேண்டும். சித்த மருந்துத் தைலங்களுக்கும் தனி உரிமம் உண்டு. ஒரு டின் வாங்கிச் சிறு பாட்டில்களில் ஊற்றி நம் கடைப் பெயரில் சீட்டு ஒட்டினால், நாமே பாக்கெட் போடுபவர் ஆகிவிடுகிறோம். சமையல் எண்ணெயானால் உணவுப் பாதுகாப்பு உரிமமும், எடையளவுச் சட்டப்படிப் பெயர், முகவரி, நிகர அளவு, மாதம், வருடம், அதிகபட்ச விலை ஆகியவையும் வேண்டும்.

வெண்புள்ளி, குஷ்டம் முதலிய நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. லேபிளும் நோட்டீசும் கூட விளம்பரமே. யாரோ அச்சடித்துக் கொடுத்த நோட்டீசைக் கடையில் தொங்கவிட்டால் கடைக்காரரும் பதில் சொல்ல நேரிடும்.

இருப்பு வைப்பது

எண்ணெய்க்கு வெயில், காற்று, ஈரம் மூன்றும் எதிரி. செக்கில் ஆட்டிய எண்ணெயில் சிறிது ஈரமும் கசடும் இருப்பதால், சுத்திகரித்த எண்ணெயைவிடச் சீக்கிரம் காறல் அடிக்கும். மழைக்காலத்தில் மலைக் கடைகளில் இது இன்னும் விரைவு. கண்ணாடிப் பாட்டில்களைத் தெருவைப் பார்த்த அலமாரியில் வெயில்பட அடுக்குவது பார்வைக்கு அழகு, சரக்குக்குக் கேடு. கறுத்த பாட்டில் அல்லது டின் நல்லது. முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். பழைய மிச்சத்தின் மேல் புதியதை ஊற்றினால் புதியதும் கெடும். காறல் எண்ணெய் தோலில் எரிச்சல் தரும் என்பதால், சமையலுக்கு ஆகாததை மேலுக்குத் தள்ளிவிடலாம் என்று எண்ணக் கூடாது.

வணிக அன்பர்களின் கவனத்துக்கு

1. எதற்கு, யாருக்கு என்று கேட்டுவிட்டு எண்ணெய் கொடுங்கள். கைக்குழந்தைக்கு என்றால் வேப்பெண்ணெயும் வாசனை எண்ணெயும் வேண்டாம்.

2. புதிதாகப் பூசுபவர் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசட்டும்.

3. புண், சீழ், பரவும் தடிப்பு என்றால் எண்ணெய் விற்பதை நிறுத்தி டாக்டரிடம் அனுப்புங்கள்.

4. தீப எண்ணெய், பயிர் மருந்து எண்ணெய் ஆகியவற்றை வேறு தட்டில் வையுங்கள்.

5. அழகுப் பொருளானால் உரிம எண், தொகுதி எண், சேர்மானப் பட்டியல், உபயோகிக்க வேண்டிய கடைசித் தேதி ஆகியவை இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

6. ஒவ்வொரு கொள்முதலுக்கும் பில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். கலப்படம் என்று மாதிரி எடுக்கும்போது அந்தப் பில்தான் உங்களைக் காப்பாற்றும்.

கொல்லிமலையின் பெயரில் நம்பிக்கை வைத்துத்தான் வெளியூர்க்காரர் வாங்குகிறார். ஒரு பாட்டிலில் ஏமாந்தவர் அடுத்த முறை மிளகையும் காப்பியையும் கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அந்த மிளகை விளைவித்த மலைக் குடியானவருக்கும், அதை விற்கும் நமக்கும் வரும் நஷ்டம் அது. சொன்ன எண்ணெயைச் சொன்னபடி கொடுக்கும் கடைக்கு வாடிக்கையாளர் எழுபது வளைவு ஏறியும் வருவார்.